அஜந்தாவின் மேல் பூசிய அரக்கு

அஜந்தாவின் முதல் குகையில், கருவறைக்கு இடப்பக்கச் சுவரில் பத்மபாணி என்ற போதிசத்துவர் நிற்கிறார். நேர் எதிரே நின்றால் கையிலுள்ள தாமரையும் தாழ்ந்த கண்களும்தான் நம்மைப் பிடித்துக்கொள்ளும். நாலடி தள்ளிப்போய், சுவரோடு சுவராகப் பார்வையை ஓட்டிப் பார்த்தேன். வேறொன்று தெரிந்தது. சுவர் அங்கங்கே மினுங்கியது.

அது மண் சுவர். மண்ணும் உமியும் குழைத்துப் பூசி, மேலே மெல்லிய சுண்ணாம்பு தடவி, பசையில் கரைத்த காவியும் பச்சைமண்ணும் தீட்டியது. அப்படிப்பட்ட சுவர் மினுங்கக் கூடாது. திண்ணையில் காய்ந்த செம்மண் கோலத்தைப் போல மங்கலாக, ஒளியை விழுங்கியபடி இருக்க வேண்டும்.

அந்த மினுக்கம் எப்படி வந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். 1872இல் தொடங்கி 1922 வரையிலான ஐம்பது ஆண்டுகளில், அஜந்தா ஓவியங்களை உயிராக நேசித்தவர்கள் இரண்டு தடவை அவற்றின் மேல் படலம் பூசினார்கள். முதல் தடவை வார்னிஷ், இரண்டாம் தடவை அரக்கு. அதை எடுக்கும் வேலை பல பத்தாண்டுகள் இழுத்தது. சில இடங்களில் எடுக்கவே முடியாது என்ற நிலையும் வந்தது. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் தம் காலத்தில் சரியென்று பட்டதைத்தான் செய்தார்கள். என்னை இந்த நிகழ்வின் பக்கம் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான்.

சுவர் எதனால் ஆனது

வாகூர் ஆறு குதிரை லாடம் போல வளையும் பள்ளத்தாக்கில், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையைக் குடைந்து சுமார் 30 குகைகள். 9, 10 ஆகிய சைத்தியங்களும் (வழிபாட்டுக் கூடங்கள்) அவற்றை ஒட்டிய சில விகாரங்களும் (துறவிகள் தங்கும் மடங்கள்) பொது ஆண்டுக்கு முந்தைய காலத்தவை. மற்றவை பெரும்பாலும் 5ஆம் நூற்றாண்டில், வாகாடக அரசன் ஹரிசேனன் காலத்தில் எழுந்தவை. 16ஆம் குகையை அவனுடைய அமைச்சர் வராகதேவர் கொடையாகக் கொடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. 1, 2, 16, 17 ஆகிய நான்கு குகைகளில்தான் ஓவியங்கள் அதிகம் மிஞ்சியிருக்கின்றன.

இவற்றைப் பலரும் ஃப்ரெஸ்கோ என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஆய்வுக்கு அந்த ஒரு சொல் முக்கியம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

ஃப்ரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்பின் மேல், அது காய்வதற்குள் வண்ணம் தீட்டுவது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகும்போது வண்ணத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிக்கொள்ளும். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாலும் போகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் அந்த வகை என்று ஆராய்ந்து சொன்னவர், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன். அவரே 1930களில் அஜந்தாச் சுவரின் துணுக்குகளையும் சோதித்தார். அங்கே கண்டது வேறு. கொத்திச் சொரசொரப்பாக்கிய பாறை மேல் இரும்புச்சத்துள்ள மண், மணல், உமி, புல் நார் எல்லாம் கலந்த கனத்த பூச்சு. அதன் மேல் சன்னமான இன்னொரு மண் பூச்சு. அதற்கும் மேல் முட்டையோட்டுக் கனத்தில் சுண்ணாம்பு. அது காய்ந்த பிறகே பசையில் கலந்த வண்ணம். சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்து வந்தவை. பச்சை அந்த வட்டாரத்துப் பாறையிலேயே கிடைக்கும் பச்சைமண். கறுப்பு விளக்குக் கரி. நீலம் மட்டும் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்.

ஆக, வண்ணத்தைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் பசை. சுண்ணாம்பைப் பாறையோடு பிடித்து வைத்திருப்பது மண். அந்த மண் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். ஆயிரத்து ஐந்நூறு வருடமாக அந்தச் சுவர் அப்படி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் வாயை மூடலாமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

கைவிட்ட காலமும் கண்டுபிடித்த காலமும்

5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதரவு நின்றுபோனது, துறவிகளும் மெல்லக் குறைந்தார்கள். அப்புறம் நெடுங்காலம் வௌவால், குளவி, காட்டுப் பறவை, ஒதுங்க வந்த சாதுக்கள், அவர்கள் மூட்டிய அடுப்பு. 10ஆம் குகையின் கூரைக்கரி அப்படி ஏறியதுதான். உமியும் புல்லும் கலந்த மண்ணைப் பூச்சிகள் தின்றன. எல்லோராவின் மண் பூச்சில் கஞ்சாச் செடியின் நார்த் துணுக்குகள் கலந்திருப்பதையும், அஜந்தாவில் அவை இல்லாததையும் அண்மைக்கால ஆய்வு காட்டியது. எல்லோராவில் பூச்சி அவ்வளவாக அண்டாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மண்ணில் எந்தத் தழையைக் கலப்பது என்ற கொத்தனார் முடிவு ஆயிரம் வருடம் கழித்துப் பலன் காட்டியிருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

1819 ஏப்ரல் 28. மெட்ராஸ் படையின் குதிரைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஸ்மித், புலி வேட்டைக்கு வந்த இடத்தில் 10ஆம் குகையின் வாசல் வளைவைக் கண்டார். உள்ளே போய், ஒரு தூணில் தீட்டியிருந்த உருவத்தின் மேல் தன் பெயரையும் தேதியையும் கீறினார். அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த அதிகாரிகளில் சிலர் கத்தியோடு வந்தார்கள். 17ஆம் குகையின் பிறவிச் சக்கர ஓவியத்திலிருந்து சில உருவங்கள் அப்படிப் பெயர்க்கப்பட்டன.

இருந்தாலும் அதுவரை நடந்த சேதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தது. குகை முழுக்கப் பரவிய மாற்றம் நகல் எடுக்க வந்தவர்களோடுதான் வந்தது.

கித்தானில் எடுத்த நகல்கள்

கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசன் 1843இல் லண்டனில், இந்த ஓவியங்கள் அழிவதற்குள் படி எடுத்து வைக்க வேண்டும் என்று வாதாடினார். கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் படையின் ராபர்ட் கில்லை 1844இல் அனுப்பியது. அவர் இருபது வருடத்துக்கு அருகில் அங்கேயே கிடந்து, எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய கித்தான்களில் படி எடுத்தார். அவை லண்டனுக்குப் போய், சிடன்ஹாமில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் தொங்கின. 1866 டிசம்பர் 30 அன்று அந்த மாளிகையின் ஒரு பகுதி எரிந்தது. ஒரு மனிதனின் இருபது வருடத்தில் சில கித்தான்களே மிஞ்சின.

எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்று முடிவானது. 1872இல் பம்பாய் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு வந்தார். 1885 வரை, வறண்ட மாதங்களில் முகாம் போட்டு, சுமார் 300 கித்தான்கள். அவற்றையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1885இல் சவுத் கென்சிங்டன் கிடங்கில் பற்றிய தீயில் நூறுக்கும் மேல் போயின. கில், கிரிஃபித்ஸ் இருவரின் படிகளிலும் தப்பியவை 166 என்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் கணக்கு வைத்திருக்கிறது. அசலில் பின்னால் உதிர்ந்துபோன சில பகுதிகளுக்கு அந்தப் படிகள்தான் இன்று சாட்சி. கிரிஃபித்ஸ் மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

கோபத்துக்குக் காரணம் வார்னிஷ். குகையின் உள்ளே வெளிச்சம் குறைவு. வண்ணத்தின் மேல் தூசியும் புகையும். படி எடுப்பவர் கோடு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்கு மலிவான வார்னிஷைச் சுவரின் மேல் தடவினார்கள். உடனே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

ஏன் தெரிந்தது? கோயில் மதிலின் காவிப்பட்டையை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் வெளிறிக் கிடக்கும். ஒரு மழை நனைத்ததும் செக்கச்செவேலென்று எழும். காவி அதே காவிதான். காய்ந்த வண்ணப்பொடியின் இடுக்குகளில் காற்று இருக்கிறது. அங்கே ஒளி சிதறி, நிறத்தோடு வெண்மையைக் கலந்துவிடுகிறது. அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகத் தெரியும். தண்ணீர் காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். வார்னிஷ் காயும், ஆனால் போகாது. அதுவே அதன் கவர்ச்சி. படி எடுக்க வந்தவர் ஒரு முறை பூசிவிட்டால் நாள் முழுக்க, மாதம் முழுக்க ஓவியம் நனைந்த பட்டுப் போலத் தெரியும். அசலுக்கும் ஒரு காப்பு என்று அவர்கள் நம்பியிருக்கவும் கூடும்.

1909க்கும் 1911க்கும் இடையில் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் வந்தார். நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார், வெங்கடப்பா, சமரேந்திரநாத் குப்தா ஆகியோர் அவரோடு வேலை செய்தார்கள். இந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றில் அது ஒரு பெரிய கதை, இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் பார்த்த அஜந்தா ஏற்கெனவே வார்னிஷ் ஏறிய அஜந்தா. மஞ்சளேறிய படலத்தின் வழியே நீலம் பச்சையாகத் தெரியும், வெள்ளை வெண்ணெய் நிறமாகத் தெரியும். அஜந்தா என்றதும் நம் மனதில் வரும் அந்தப் பொன்பழுப்பு நிறத்தில் ஒரு பங்கு ஓவியனுடையது, ஒரு பங்கு வார்னிஷினுடையது.

இத்தாலியிலிருந்து வந்தவர்கள்

அஜந்தா அப்போது ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதி. 1914இல் அங்கே தொல்லியல் துறை உருவானது. அதன் இயக்குநர் குலாம் யஸ்தானி. அஜந்தாவை அவர் அளவுக்கு நேசித்த அதிகாரி வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தவர். 1930 முதல் 1955 வரை நான்கு பகுதிகளாக அவர் வெளியிட்ட அஜந்தா தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. சுவரோவியப் பாதுகாப்பில் உலகிலேயே கைதேர்ந்தவர்கள் வேண்டும் என்று நினைத்தார். நிஜாம் அரசு பணம் கொடுத்தது. லொரென்சோ செக்கோனியும் உதவிக்கு ஓர்சினி பிரபுவும் இத்தாலியிலிருந்து வந்தார்கள். 1920க்கும் 1922க்கும் இடையில் வேலை நடந்தது.

அவர்கள் செய்தவற்றில் நல்லது நிறைய. சுவரிலிருந்து விலகித் தொங்கிய மண்பூச்சை மறுபடி ஒட்டினார்கள். உடைந்த ஓரங்களைச் சாந்து வைத்துக் கட்டினார்கள். அழுக்கைத் துடைத்தார்கள். அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் சில காட்சிகள் இன்று தரையில் கிடந்திருக்கும். அதன் பிறகு, உதிரும் வண்ணத்தைப் பிடித்து நிறுத்த, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசினார்கள்.

அரக்கு ஏன்? அன்றைக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் தெரியவில்லை. அரக்குப் பூச்சியின் சுரப்பு. நம் நாட்டிலேயே விளைவது. ஸ்பிரிட்டில் எளிதாகக் கரையும், நிமிடங்களில் காயும், மெல்லிய படலமாக நிற்கும், நிறத்தையும் தூக்கிக் காட்டும். மிலானில் லியோனார்டோவின் கடைசி விருந்து ஓவியத்துக்கே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரக்கைத்தான் பயன்படுத்தினார்கள். எனவே 1920இல் வந்த இருவரையும் அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துறையின் மொத்த அறிவே அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் யஸ்தானி மகிழ்ந்து எழுதினார்: இனி இந்த ஓவியங்களுக்குக் குறைந்தது இரண்டு நூற்றாண்டு புது வாழ்வு. அவர் பார்த்தது உண்மை. அந்த வாரம், அந்த மாதம், ஓவியங்கள் அப்படித்தான் ஒளிர்ந்திருக்கும்.

படலத்துக்கு அடியில் நடந்தது

எங்கள் ஊரில் பழைய வீடு ஒன்று இருந்தது. மண்சுவர், வருடா வருடம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு. ஒரு கல்யாணத்துக்காக, நாலு பேர் வரும் இடம் என்று கூடத்துச் சுவரில் ஆயில் பெயிண்ட் அடித்தோம். கல்யாணத்தன்று கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. ஒன்றைப் பிடித்து உரித்தபோது பெயிண்ட் மட்டும் வரவில்லை. பின்னால் சுண்ணாம்பும், அதன் பின்னால் ஒரு விரற்கடை மண்ணும் சேர்ந்து வந்தது. அஜந்தா அரக்கைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தக் கூடம்தான் நினைவுக்கு வந்தது.

அரக்கும் அதையே செய்தது, மெதுவாக. முதலில் நிறம். நாளாக ஆக அரக்கு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். ஓவியம் மங்கும். அடுத்து, அரக்கின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். புதிதாக இருந்தபோது ஸ்பிரிட்டில் கரைந்தது, வயதான பிறகு கரைய மறுக்கும். வௌவால் எச்சமும் தூசியும் வந்தவர்களின் மூச்சு ஈரமும் அதன் மேல் படிந்து இன்னொரு தோலாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் இழுவிசையால் வந்தது. படலம் இறுகும்போது சுருங்குகிறது. அடியில் இருக்கும் மண் மழைக்கு உப்பி, கோடைக்குத் தாழ்கிறது. ஒன்று விறைப்பு, மற்றொன்று அசைவு; நடுவில் மாட்டிக்கொண்டது முட்டையோட்டுக் கனச் சுண்ணாம்பும் வண்ணமும். அது விரிசல் விட்டு, சிறுசிறு செதில்களாகி, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டன. உதிராமல் இருக்க ஒட்டிய பொருளே செதிலைச் சுவரிலிருந்து தூக்கியது. மலைக்கு மேலிருந்து பாறை இடுக்கு வழியாகக் கசிந்த ஈரமும் முன்பக்கம் வெளியேற முடியாத இடங்களில் உள்ளேயே தங்கியது.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கிரிஃபித்ஸும் செக்கோனியும் பார்த்தது ஓவியத்தை. ஓவியம் என்றால் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு, அதைத் தெளிவாக்கினால் போதும், உறுதியாக்கினால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் இருப்பது உயிருள்ள மண் சுவர் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஃப்ரெஸ்கோ என்ற சொல்லை முன்பே குறித்துவைத்தது இதற்காகத்தான். கல்லாகிப்போன சுண்ணாம்புச் சுவருக்குப் பழகிய கை, அதே வேலையை மண்ணில் செய்தது. பரமசிவனின் சோதனை முடிவு 1920க்கு முன்னால் கையில் இருந்திருந்தால் இந்தக் கதை வேறாகப் போயிருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். குறைந்தபட்சம் கேள்வியாவது எழுந்திருக்கும்.

வேறு மூன்று சுவர்கள்

ஆசியாவின் பௌத்தச் சுவரோவியங்கள் எங்கும் அன்பு இப்படிச் சேதம் செய்திருக்கிறதா? மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுகிறேன்.

கிசில், இன்றைய சின்ஜியாங்கில். லாபிஸ் நீலம் வழியும் குகைகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஃபான் லெ கோக் தலைமையில் வந்த ஜெர்மானியர்கள் ஓவியங்களை மண்பூச்சோடு ரம்பத்தால் அறுத்து, பெட்டியில் அடுக்கி பெர்லினுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தால் அழிந்துவிடும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பெரிய ஓவியங்களை பெர்லின் அருங்காட்சியகச் சுவரில் கழற்ற முடியாதபடி பதித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோது அவற்றை இடம் மாற்ற முடியவில்லை. கிசில் குகைகளில் இப்போது அந்த இடங்களில் ரம்பத் தடம் மட்டும் இருக்கிறது.

ஜப்பானில் நாராவுக்கு அருகே ஹோர்யூஜி. அங்குள்ள பொன் மண்டபத்தின் சுவரோவியங்களையும் அஜந்தாவின் போதிசத்துவர்களையும் அருகருகே வைத்துப் பேசாத கலை வரலாற்றாசிரியர் குறைவு. இரண்டையும் இணைத்த மனிதர் ஒருவர்கூட உண்டு. அராய் கம்போ என்ற ஓவியர் தாகூர் அழைத்துக் கல்கத்தா வந்து, அஜந்தாவுக்குப் போய்ப் படி எடுத்தார். அந்தப் படிகள் 1923 டோக்கியோ நிலநடுக்கத் தீயில் அழிந்தன. 1940இல் ஹோர்யூஜி சுவரோவியங்களைப் படி எடுக்கும் பணி தொடங்கியபோது குழுத் தலைவர்களில் அவரும் ஒருவர். 1945இல் இறந்தார். வேலை தொடர்ந்தது. 1949 ஜனவரி 26 அதிகாலையில் மண்டபம் தீப்பிடித்தது. குளிருக்காகப் படி எழுதுபவர்கள் பயன்படுத்திய மின்சார இருக்கை மெத்தைதான் காரணம் என்று பெரிதும் பேசப்பட்டது. வண்ணங்கள் கருகி, கோடுகளின் நிழல் மட்டும் மிஞ்சியது. அதிர்ச்சியில் அடுத்த ஆண்டே ஜப்பான் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜனவரி 26 அங்கே இன்றும் பண்பாட்டுச் சொத்துகளின் தீத்தடுப்பு நாள். அஜந்தாவில் தீ நகலை எரித்தது, ஹோர்யூஜியில் அசலை எரித்தது. இரண்டு இடத்திலும் தூண்டியது ஒரே ஆசை.

மூன்றாவது, எனக்குப் பிடித்த இடம், துன்ஹுவாங்கின் மொகாவோ. பொது ஆண்டு 366இல் தொடங்கி ஆயிரம் வருடம் குடைந்த 492 ஓவியக் குகைகள், சுமார் 45,000 சதுர மீட்டர் சுவரோவியம். அங்கும் மண் பூச்சுதான். 85ஆம் குகை 862க்கும் 867க்கும் இடையில் எழுந்த பெரிய குகை. அங்கே ஓவியங்கள் மண்பூச்சோடு பாறையை விட்டுக் கழன்றுகொண்டிருந்தன. 1997இல் துன்ஹுவாங் ஆய்வகமும் லாஸ் ஏஞ்சலீஸின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து இறங்கின. உடனே எதையும் பூசவில்லை. முதலில் நோய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள்.

பாறைக்குள் உப்பு இருந்தது. வெளியே மழை பெய்யும் நாளில் கதவு வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். உப்பு அதை உறிஞ்சிக் கரைந்து, காற்று வறண்டதும் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு சுற்றிலும் மண்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். எனவே முதல் மருந்து, ஈரமான நாளில் கதவைச் சாத்துவது. காசு செலவில்லாத வைத்தியம்.

கழன்ற பூச்சை ஒட்ட, ஏராளமான கலவைகளைச் சோதித்துக் கடைசியில் தேர்ந்தது அந்த ஊர் ஆற்று மண்ணோடு எடை குறைக்க எரிமலை நுரைக்கல்லும் நுண்ணிய கண்ணாடி மணிகளும் கொஞ்சம் முட்டை வெள்ளையும் சேர்ந்த குழம்பு. மண்ணுக்கு மண்ணே ஒட்டு. சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். ஊற்றிய இடம் காயும்வரை உப்பை வெளியே இழுக்க மேலே உறிஞ்சும் தாள் வைத்து அழுத்தினார்கள். ஒரு குகைக்குப் பல ஆண்டுகள் ஆயின. அஜந்தாவில் இருவர் சில பருவங்களில் பல குகைகளை முடித்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பார்க்கிறேன்.

இன்றைய வேலை

1950களில் அஜந்தா இந்தியத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. துறையின் வேதியியல் பிரிவு 1950களிலிருந்தே அரக்கையும் வார்னிஷையும் கரைத்து எடுத்துவருகிறது. நடுவில் அவர்களும் செயற்கைப் பிசின் படலங்களைக் காப்பாகப் பூசினார்கள். அவற்றையும் பிற்காலத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. துப்புரவு சில இடங்களில் அளவுமீறிவிட்டது என்று வால்டர் ஸ்பிங்க் போன்ற அஜந்தா அறிஞர்கள் வருந்தியதும் உண்டு. இருந்தாலும் கரி மூடிக் கிடந்த இடங்களில் முகங்கள் வெளிவந்ததும், பழுப்புக்கு அடியிலிருந்து நீலம் எழுந்ததும் அவர்களுடைய பொறுமையால்தான்.

சுற்றுலாப் பேருந்துகளைக் குகைக்கு 4 கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்துகிறார்கள். ஓவியக் குகைகளுக்குள் சிறுசிறு குழுவாக, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விடுகிறார்கள். விளக்கு மங்கலாக இருக்கிறது. சரியாகத் தெரியவில்லையே என்று பக்கத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிரிஃபித்ஸுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும்.

நகல் எடுப்பது நிற்கவில்லை. அதன் வேலைதான் மாறியது. மலையடிவாரத்தில் 1, 2, 16, 17 ஆகிய நான்கு குகைகளுக்கும் மாதிரிகள் கட்டினார்கள். மொகாவோவில் 2014 முதல் பார்வையாளர்கள் முதலில் தொலைவிலுள்ள மையத்தில் குகைகளைப் பெரிய திரையில் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். ஹோர்யூஜி மண்டபத்தில் 1968 முதல் இருப்பவை படிகள். கருகிய அசல் தனிக் கட்டடத்தில் இருக்கிறது. முன்பு நகலுக்காக அசலைத் தொட்டார்கள். இப்போது அசலைத் தொடாமல் இருப்பதற்காக நகலைக் காட்டுகிறார்கள்.

மிச்சமிருக்கும் அரக்கை என்ன செய்வது? மண்ணோடு வண்ணத்தின் பிடி விட்டுப்போன இடங்களில் வண்ணத்தைப் பிடித்திருப்பது அரக்கு மட்டுமே. அங்கே அரக்கை எடுத்தால் ஓவியமும் வந்துவிடும். அதனால் வேலை விரல் நகமளவு இடமாகத்தான் நகரும். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தோய்த்து, ஒத்தி எடுத்து, வெளிச்சத்தில் பஞ்சைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் பழுப்பும் வந்தால் அது அரக்கு, இன்னொரு தடவை ஒத்தலாம். காவிச் சிவப்பு தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.